'மட்டும்' என்ற நான்கு எழுத்து

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

மலர்க்குழு அண்ணன் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "காதல் கவிதை வேண்டாம்டா, மலரே அதுலதான் நெறஞ்சு கெடக்கு." சரி என்றேன். எனக்குக் கவிதையும் வராது, காதலும் இன்னும் வரவில்லை. வந்ததெல்லாம் காலில் ஒரு கொப்புளம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொப்புளத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! இது நம் சங்கத்துப் பந்தல் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தப் பந்தலில் தொங்குகிற போர்டு சம்பந்தப்பட்ட விஷயம். முழுசாகப் படித்துவிட்டு அடுத்த பொதுக்குழுவில் என்னைத் தாராளமாகத் திட்டலாம்.

தை மாதம் நத்தம் சாலையில் நடந்து வருகிற பழனிக் கூட்டத்தைப் பற்றி நம் கல்லூரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகிற பாதை. நகரத்தார் காவடி நானூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் நடந்து போகிறது என்பார்கள். பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக விடிய விடியக் கூட்டம் போகும். நம் சங்கமும் வருஷா வருஷம் வாசலில் பந்தல் போட்டு சுக்குக் காபி, தக்காளி சாதம், நீர்மோர் கொடுக்கிறது. நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2024 தைப்பூசத்தின்போது நான் முதலாமாண்டு. என் அப்பா போர்டு எழுதுகிற பெயிண்டர் என்று தெரிந்ததும் சீனியர் அண்ணன்கள் ஒரு தகரத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் பந்தலில் பெரிய ரகளை. பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று தடவை வரிசையில் வந்து வாங்கிப் போனார்களாம், ஹாஸ்டல் மாணவர்கள் பாத்திரத்தோடு வந்தார்களாம், பத்து மணிக்கெல்லாம் அண்டா காலியாம். "இந்தத் தடவை கண்டிஷனா எழுதிரு" என்றார்கள். எழுதினேன். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, சிவப்பில் நிழல். 'பாதயாத்திரை பக்தர்களுக்கு மட்டும்.' அந்த 'மட்டும்' என்பதை மற்ற எழுத்தைவிட ஓர் அங்குலம் பெரிதாக எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சரி, கொப்புளத்துக்கு வருவோம்.

முதலாமாண்டுக் கணக்குப் பேப்பர் எனக்கு அரியராகி இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாம் தடவை பாஸ் ஆனால் மகனைப் பழனிக்கு நடத்தி அனுப்புகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார்கள். (நடக்கப் போகிறவனைக் கேட்டு வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை.) பாஸ் ஆகிவிட்டேன். எனக்குப் பக்தி அவ்வளவாகக் கிடையாது, நண்பர்களுக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் முழங்கால் நடக்க விடாது, அந்த வேண்டுதல் அம்மா மனசில் கடனாக நிற்கும். அதனால் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, எங்கள் ஊர்க் குருசாமி கூட்டத்தோடு கிளம்பினேன். 2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. நம் கல்லூரி வாசலைத் தாண்டும்போது என் வகுப்புப் பையன்களே "வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்று கிண்டலாகக் காபி கொடுத்தார்கள். தலைக்கு மேல் என் போர்டு. பெயிண்ட் மங்கவே இல்லை!

நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

திண்டுக்கல்லிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அங்கிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். அன்றைக்கு ஒட்டன்சத்திரம் போய்ப் படுப்பது, அதாவது முப்பதுக்கு மேல், மிச்சம் மறுநாள் என்று குருசாமி கணக்கு. பௌர்ணமி நெருக்கம் என்பதால் நிலா பெரிதாக, எங்களுக்கு நேர் எதிரே மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. பிறகு முன்னால் போகிறவர் முதுகில் போலீஸ்காரர் ஒட்டிய ஸ்டிக்கர், பின்னால் வருகிற லாரி வெளிச்சத்தில் மின்னுவதுதான் வழிகாட்டி. பனி என்றால் அப்படி ஒரு பனி.

அந்த இருட்டில் நான் பார்த்த மனிதர்களை என்னால் மறக்க முடியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் புருஷனும் பெண்டாட்டியும் அடுப்பு வைத்து, வருகிறவருக்கெல்லாம் சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தல் இல்லை, பேனர் இல்லை, மைக் இல்லை. அவர்கள் மகள், நாலாவது ஐந்தாவது படிக்கிற வயசு, ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்றுகொண்டு டம்ளர்களை வாங்கி வாங்கிக் கழுவிக் கொடுத்தாள். இன்னோர் இடத்தில் ஒரு பெஞ்சு போட்டு நான்கைந்து இளைஞர்கள், முன்பின் தெரியாதவர் காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். சேறும் சகதியுமான கால்! நான் கூச்சத்தில் இழுத்துக்கொண்டேன். "அட குடுங்க சாமி, நாங்க போன வருஷம் நடந்தவங்கதான்" என்றான் ஒருவன். புறநகரில் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் தன் கடை முன்னால் வாழைப்பழத் தாரையே தொங்கவிட்டுக் கத்தியோடு நின்றார். கேட்கவில்லை, பேசவில்லை, ஆளுக்கு இரண்டு பழம் அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இவை எல்லாவற்றையும்விட பெரிய உபகாரம் எது என்று எங்கள் கூட்டத்து அக்காமார்களைக் கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வார்கள். ஒரு வீட்டுக் கேட்டில் நோட்டுத்தாளில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது: 'பெண்களுக்கு உள்ளே பாத்ரூம் உண்டு. கூச்சப்படாமல் வரவும்.' எங்கள் கூட்டத்துப் பெண்கள் பாதி வழி தண்ணீரே குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நூறு மீட்டருக்கு ஒரு சாப்பாட்டுப் பந்தல் போடுகிற நமக்கு இது ஏன் தோன்றவில்லை? நம் கல்லூரிக்குள் எத்தனை கழிப்பறை இருக்கிறது, தைப்பூசத்தன்று அவற்றின் கதவு திறந்திருக்கிறதா? இதையும் பொதுக்குழுவில் கேட்கத்தான் போகிறேன்.

விடிகிற நேரம் ரெட்டியார்சத்திரம் வந்தோம். ஒரு பந்தலில் பொங்கல் சாம்பார். கூட்ட நெரிசலில் யாரோ இடித்து, ஒரு வாளிச் சாம்பாரில் கால்வாசி என் பச்சை வேட்டியில்! நல்லவேளை, ஆறிப்போன சாம்பார். மாற்று வேட்டி குட்டியானை வண்டியில் மூட்டைகளோடு முன்னால் போய்விட்டது. தோள் பையில் இருந்தது ஒரு ட்ராக் பேண்ட்டும் நம் கல்லூரி டீ-ஷர்ட்டும்தான். மாட்டிக்கொண்டேன். கழுத்து மாலை டீ-ஷர்ட்டுக்குள் போய்விட்டது. அதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது. வலது குதிகால் கொப்புளம் உடைந்தது. கூட்டம் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. குருசாமி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், "நீங்க போங்க, மெதுவா வந்துருவேன்" என்று கை காட்டினேன். வீராப்பு! அரை மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டி நூற்றுக்கணக்கான சாமிமார்கள் போனார்கள். காலையில் இதே ரோட்டில் "என்ன சாமி, கால் வலிக்குதா சாமி" என்று கேட்ட ஜனம்தான். இப்போது ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ட்ராக் பேண்ட் போட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பட்டது ஒருவன் கண்ணில் மட்டும்.

என் வயசுதான் இருக்கும். முதுகில் சின்னப் பை, கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. ஒடிசாக்காரன். பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணனைப் பார்க்கப் போகிறான். பஸ் எல்லாம் பழனிக் கூட்டத்தில் பிதுங்கி, நிறுத்தத்தில் நிற்காமல் போக, நின்று பார்த்துச் சலித்து நடக்க ஆரம்பித்துவிட்டான். இதெல்லாம் பிறகு பேசித் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் அவன் கேட்டது ஒன்றுதான்: "கால் அடி பட்டுச்சாண்ணா?"

தன் பாட்டில் தண்ணீரில் என் குதிகாலைக் கழுவினான். அந்தத் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு பட்டை கிழித்துச் சுற்றிக் கட்டினான். புதுத் துண்டு. நான் "வேணாம் வேணாம்" என்று சொல்வதற்குள் கிழித்துவிட்டான். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாதி கொடுத்தான். மிச்சமிருந்த தண்ணீரையும் குடிக்கச் சொன்னான். பிறகு என் வேகத்துக்கு அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே நடந்தான். என் பெயரைக் கேட்டான், சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்தான். நான் அவன் பெயரைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு மணி வாக்கில் ஒரு பெரிய பந்தல். பாட்டு, பலூன், வரிசையாக இலை. இரண்டு பேரும் உள்ளே நுழைந்தோம். வாசலில் என்னைப் போலவே ஒரு மாணவன், கழுத்தில் பேட்ஜ், கையைக் குறுக்கே நீட்டினான். "சாமிங்களுக்கு மட்டும் தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. முப்பத்தைந்து மணி நேரமாக நடந்துகொண்டிருக்கிறேன், என்னைப் பார்த்தா? சட்டென்று டீ-ஷர்ட்டுக்குள் கையை விட்டு மாலையை வெளியே எடுத்துக் காட்டினேன். அவ்வளவுதான். அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, மன்னிச்சுக்கங்க சாமி! வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான். இலையில் தண்ணீர் தெளித்தார்கள், சாதம் விழுந்தது, சாம்பார் விழுந்தது.

ஒர்க் ஷாப்பில் நாம் 'கோ கேஜ், நோ-கோ கேஜ்' வைத்துப் பார்ப்போமே, அதுபோல. துளைக்குள் கோ கேஜ் போய், நோ-கோ கேஜ் போகாமல் நின்றால் பீஸ் பாஸ்; இல்லாவிட்டால் ரிஜெக்ட் பெட்டி. என் கழுத்தில் கேஜ் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் கழுத்தில் கிழிந்த துண்டு இருந்தது. வாசலிலேயே நின்று, "நீங்க சாப்பிடுங்கண்ணா" என்று கையசைத்துவிட்டு நடந்தான்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'இவன் என் கூட வந்தவன்' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அந்தப் பையன் மறுத்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை நண்பர்களே. பசி. வெட்கம். இலையில் சோறு விழுந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டேன். இரண்டாம் தடவை ரசமும் வாங்கினேன். ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் ரோட்டில் அவனைக் காணவில்லை. நொண்டி நொண்டி எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். அடுத்த பந்தலுக்குப் பின்னால், மிஞ்சிப்போன தக்காளி சாதத்தை அண்டாவோடு குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காக்காய்க் கூட்டம்.

மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேர் முகத்தில். ஒரு புளியமரத்தடியில் கம்மங்கூழ் விற்கிற ஆத்தா. நிழலுக்காக நின்றேன். "இந்த வழியா ஒரு வடக்கத்திப் பையன், துண்டு போட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, வந்துச்சு. எம்புட்டுத் தூரம் நடந்து வர்றேன்னு கேட்டேன், கையைக் காட்டுச்சு. கூழு ஊத்திக் குடுத்தேன்."

பையிலிருந்து பணத்தை எடுத்து, "அவன் கூழுக்கு நான் தர்றேன் ஆத்தா" என்றேன். ஏதோ பாவத்தைக் கழுவுகிற அவசரம் எனக்கு.

"நான் காசு வேணாம்னுதான்யா சொன்னேன். நடந்து வந்த புள்ளைகிட்ட என்னத்த வாங்குறது? கண்ணுக்குத் தெரியாம சொம்புக்கு அடியில இருவது ரூவாயை வச்சுட்டுப் போயிருக்கு. அவன் கணக்கு முடிஞ்சுபோச்சு. ஒனக்கு வேணும்னா சொல்லு, ஊத்துறேன். இருவது ரூவா."

வாங்கிக் குடித்தேன். இருபது ரூபாய் கொடுத்தேன். பொட்டலம் கையிலேயே இருந்தது. இரவு ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது ஊசிப்போயிருந்தது.

மறுநாள் பழனிக்குப் போனேன், படியேறினேன், அம்மா கடன் தீர்ந்தது. அதையெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை. அந்தப் பாதையின் பெயர்களைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. கவனித்தீர்களா? இந்த அறுபது கிலோமீட்டருக்குள் மூன்று ஊர் சத்திரத்தைப் பெயரில் வைத்திருக்கிறது. பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில் நடந்து போகிறவன் படுக்க, குடிக்க, உண்ண வைத்த இடங்கள். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதையும் சத்திரம் கட்டியதையும் இன்றைக்கும் ஊர் ஊராகச் சொல்வார்கள். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட கல் அது. அதில் சுமையை இறக்கி வைக்க வருகிறவனை யாரும் எந்த ஊர், எந்தக் கோயிலுக்கு என்று கேட்டதில்லை. கல்லுக்கு வாய் இல்லை என்பதால் தப்பித்தோம்.

சத்திரங்களுக்கு வாய் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. பல சத்திரங்களில் இன்ன சாதிக்குத்தான் சோறு என்று இருந்தது. ஒரே சத்திரத்தில் சாதிக்கொரு பந்தியும் இருந்தது. ஆக 'மட்டும்' நான் கண்டுபிடித்த எழுத்து இல்லை, ரொம்பப் பழசு! 1920-களின் நடுவில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்றபோது, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். பொதுமக்களிடம் பணம் வாங்கி நடத்துகிற இடத்தில் தனிப்பந்தி எப்படி என்பதுதான் கேள்வி. வ.வே.சு. ஐயர் சுதந்திரப் போராட்ட வீரர், படித்தவர், தியாகி. அவ்வளவு பெரிய மனிதர் நடத்திய இடத்துக்கே அது வந்தது என்றால், பெயிண்டர் மகன் எனக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

நம் நூலகத்தில் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர், காட்டிலும் மலையிலும் நடக்கிறார்கள். கோயில் கிடையாது, வேண்டுதல் கிடையாது, நடப்பதற்காகவே நடக்கிறார்கள். (அம்மாவிடம் சொன்னால், "கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்பார்கள்.) அந்தப் பாதை ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடங்களில், பக்கத்து ஊர்க்காரர்கள் தண்ணீர் கேனும் பழமும் பலகாரமும் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். யார் வைத்தது என்றுகூட எடுப்பவனுக்குத் தெரியாது. யார் எடுத்தது என்று வைத்தவனுக்கும் தெரியாது. அங்கே முதுகு மூட்டையும் களைப்பும்தான் அடையாளம்.

நம் ஊரிலும் களைப்பைப் பார்த்துச் சோறு போட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு போட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வடமாநிலத் தொழிலாளர்கள் குழந்தை குட்டியோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்ததை டி.வி.யில் பார்த்தோம். அதுவும் பாதயாத்திரைதான், கடைசியில் வீடு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வழியில் சோறு கொடுத்த நல்லவர்களும் இருந்தார்கள், ஊருக்குள் வராதே என்று தடுப்புக் கட்டியவர்களும் இருந்தார்கள். அந்த மே 8-ஆம் தேதி, மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கம் ரயில் தண்டவாளத்தோடு நடந்து களைத்துப்போய் அங்கேயே படுத்துவிட்ட 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்திகளின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து அம்மா அழுதார்கள், நானும் கண் கலங்கினேன். நாலு வருஷம் கழித்து அதே கையால்தான் 'மட்டும்' எழுதினேன்.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். செயலாளரிடம் இதை ஏற்கெனவே பேசிப் பார்த்தாகிவிட்டது. அவர் மூன்று காரணம் சொன்னார்.

தெருப் பையன்கள் மூன்று தடவை வாங்குகிறார்கள் என்பது முதல் காரணம். வாங்கட்டுமே! பசிக்காதவன் மூன்று தடவை வரிசையில் நிற்க மாட்டான். நம் ஹாஸ்டல் மாணவர்கள் பாத்திரத்தோடு வந்தால் அதைத் தடுக்க வேண்டியது வார்டன், போர்டு இல்லை. குடித்துவிட்டு வருகிறான், கலாட்டா செய்கிறான் என்பது அடுத்தது. அப்படி வருகிறவன் பச்சை வேட்டியிலும் வருகிறான், பார்த்திருக்கிறேன். அவனை விலக்க நான்கு வாலண்டியர் போதும்.

மூன்றாவதுதான் எனக்கும் நியாயமாகப் பட்டது. "கடைத்தெருவுல முருகன் பேரைச் சொல்லித்தானேடா வசூல் பண்றோம்? அவங்க சாமிக்குன்னு குடுத்த காசை நாம எப்படிக் கண்டவனுக்கும் போடுறது?" உண்மை. கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தாரோ அதை மீறக் கூடாது. அதனால் நான் சொல்வது, போர்டில் மட்டும் மாற்றினால் போதாது, ரசீதிலேயே மாற்ற வேண்டும். 'தைப்பூச நாட்களில் சாலையில் நடந்து வருவோர்க்கு உணவு, தண்ணீர்' என்று அச்சடித்துக்கொண்டு போய்க் கேட்போம். வசூல் குறைந்தால் குறையட்டும். ஒரு அண்டா குறைத்துப் போடுவோம். குறையாது என்பது என் எண்ணம். விடியற்காலையில் வாழைப்பழம் அறுத்துக் கொடுத்த பெரியவர் எந்த ரசீதைப் பார்த்துக் கொடுத்தார்?

இன்னொன்று. தைப்பூசம் முடிந்த மறுநாளே நம் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். மற்ற நாளில் அந்த ரோட்டில் நடக்கிறவன் இல்லையா? ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட கட்டட வேலைக்காரர்கள் தினமும் நடக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு மண்பானை, ஒரு டம்ளர், ஒரு பெஞ்சு. பெஞ்சை நம் வெல்டிங் ஷாப்பில் நாமே செய்துவிடலாம், கழிவு ஆங்கிள் அங்கே மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பானையில் தண்ணீர் மாற்ற முதலாமாண்டு மாணவர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். (முதலாமாண்டு மாணவர்கள் என்னை மன்னிக்கவும். நானும் தகரம் தூக்கியவன்தான்.)

போர்டு விஷயத்தை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்பது வருஷமாக ஊரெல்லாம் 'அனுமதி இல்லை', 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதிப் பிழைத்தவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தப் பிழைப்பும் போய்விட்டது. முழுவதும் கேட்டுவிட்டு, தகரம் எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஆறடி என்றேன். "அப்ப 'பக்தர்களுக்கு மட்டும்'ங்கிறதை அழிச்சிட்டு, 'பாதயாத்திரை'க்கு முன்னாடி மஞ்சள் அடிச்சு, 'நடந்து வருபவர்களுக்கு'ன்னு நடுவுல எழுது. இடம் நல்லா இருக்கும். பெயிண்டும் கொஞ்சம் மிச்சம்" என்றார்.

தகரம் சங்க அறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பொதுக்குழு சரி என்று சொன்னால் எழுதும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் எனாமல் அரை லிட்டர், கறுப்பு கால் லிட்டர், சங்கச் செலவில் வாங்கித் தந்தால் போதும்.